நன்றியுரைக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை

டென்மார்க்கில், கோல்டிங் நூலகத்தின் பின்னறையில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நன்றியுரைக்குப் பிறகு யாரும் பதில் பேசுவதில்லை, நேரே தேநீர்தான். அந்த வழக்கத்தைத்தான் நான் ஆயுதமாக எடுத்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஜப்பானிய முதலாளியத்தின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். சாமுராய் ஆட்சி கவிழ்ந்தது முழுமையான முதலாளியப் புரட்சி என்றேன். ஊரிலிருந்தே என்னுடன் இருந்த தோழர் எழுந்தார்.

"புரட்சி எண்டால் கிராமத்திலை நிலக்கிழார் ஏன் அப்பிடியே இருந்தவர்? அண்ணை ஊர் ரியூட்டரி வகுப்பு நோட்ஸை இன்னும் எறியேல்லைப் போல."

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதை மறக்கவில்லை.

குளிர்காலம் முழுவதும் அவரை மடக்குவதற்காகவே படித்தேன். படிக்கப் படிக்க அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. வன்மம் இன்னும் கூடியது.

வசந்தத்தில் அவர் பேசினார். குத்தகை கட்ட முடியாத விவசாயிகள் மகள்களைப் பட்டு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். பழைய கிராமத்தின் தோளில் ஏறித்தான் புதிய ஆலை நின்றது என்றார். அருமையான பேச்சு. நன்றியுரையை நான் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தேன்.

"தோழர் இதுக்கு ஜப்பான் வரைக்கும் போயிருக்கத் தேவையில்லை," என்றேன். "எஸ்பியர்க் மீன் ஆலைக்குத் தங்கச்சியை அனுப்பித்தானே வீடு கட்டினவர். நன்றி, வணக்கம்."

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அவர் முகம் வெளிறியது. இனித்தது, அதை மறைக்க மாட்டேன்.

தேநீர் ஊற்ற எழுந்திருந்த அவருடைய தங்கை குடுவையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மீன் வெட்டினது நான், அண்ணை. அவர் அனுப்பினவரோ, நானாய்ப் போனனானோ எண்டு என்னட்டை ஒருக்காலும் கேட்டனீங்களோ? இப்ப கேளுங்கோ. எல்லாரும் இருக்கினம்."

அண்ணனை அடிக்கத் தங்கையைக் கையில் எடுத்தேனே தவிர, அவர் வாழ்க்கை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். பிறகு வரவேயில்லை. போன கிழமை தமிழ்க் கடையில் தங்கையைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அங்கை சபையிலை சொன்னதை இங்கை வெங்காயத்துக்குப் பக்கத்திலை நிண்டு திருப்பி எடுக்கேலாது," என்றார்.

அடுத்த கூட்டத்தின் நன்றியுரையையும் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும்.