அடி பார்க்காமல் மூடாதவர்

ஹனோவரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்கு, பழங்காலத்துக் கண்ணாடிப் போத்தல்களைத் தேடிச் சேர்க்கிறவர் ஒருவர் வந்தார். பின்வளவில் நூறு வருஷத்துக்கு முந்தைய கக்கூஸ் குழி இருக்குமாம். அந்தக் காலத்து ஆட்கள் வெறும் போத்தல்களை அதற்குள்தான் போடுவார்களாம். யாழ்ப்பாணத்து மனிதர், ஒட்டிய கன்னம், முழங்காலில் தோல் வைத்துத் தைத்த காற்சட்டை.

நீளமான இரும்புக் கம்பியை நிலத்தில் குத்துவார், இழுப்பார், நுனியை மணந்து பார்ப்பார். ஓரிடத்தில் கம்பி சுலபமாக இறங்கியது. அங்கே தோண்டினார்.

மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி நிறையப் போத்தல்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. மழை தூறியது. அவர் மண்ணைக் கையால் உதிர்த்து உதிர்த்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"அண்ணை, இனி ஒண்டும் இல்லைத்தானே. ஏறி வாங்கோ."

"அடி பாக்காமல் மூட ஏலாது, தங்கச்சி," என்றார் குழிக்குள் இருந்து. "ஊரிலை, ஆக்கள் இல்லாத ஒரு வீட்டிலை இப்பிடி ஒரு கக்கூஸ் குழி கிண்டினனாங்கள். ஆறு பேரின்ரை எலும்புகளை எடுத்தாப் பிறகு நிப்பாட்டச் சொல்லி மேலிடத்திலை சொல்லிப்போட்டினம். காணாமல் போன என்ரை தம்பி அதுக்குக் கீழை கிடந்தவனோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது."

தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது குழியின் அடியில் செங்கல் தளம் தெரிந்தது. அதை ஒரு மூலை விடாமல் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். குழியை மூடினார். போத்தல் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஒரு ரோசாக் கன்று நடப் போனாலும், வேண்டியதைவிட ஆழமாகத் தோண்டிவிடுகிறேன்.