ஆடை எடுத்த பாலில் ஒரு பாஸ்தா

"குழாய்" என்றார் என் கணவர்.

வியாழக்கிழமை காலை. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் தண்ணீர் நின்றுவிட்டதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். தென்னைக்குத் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "தண்ணி வருதுங்க" என்றேன்.

"இல்ல புள்ள. குழாய். வெள்ளக் குழாய்."

குளியலறையில் வெள்ளைக் குழாய் ஒன்று ஒழுகும். அதையும் பார்த்துவிட்டு வந்தேன். அவர் இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். அடித்துவிட்டு, அலமாரியில் இருந்த மகளின் போட்டோவைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். மறுபடியும் போட்டோ, மறுபடியும் வாய். கையில் துண்டோடு நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. குழாய் குழாயாக இருக்கும் பாஸ்தா. சனிக்கிழமை மகள் வருகிறாள். அவளுக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும்.

"பாஸ்தாங்களா?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். ஓடிக் களைத்தவர் மாதிரி மூச்சு வாங்கியது.

எட்டு மாதத்துக்கு முன்பு, மூணாறில் அவர் வேலை பார்த்த ரிசார்ட் சமையலறையில், காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆம்லெட் திருப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் ஜீப்பில் ஏற்றி மலையிறக்கினார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, ஆனால் வார்த்தைகள் இடம் மாறிவிட்டன. சீப்பு வேண்டுமென்றால் "சாவி" என்பார். ஒருநாள் முழுக்க என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். தப்பாகச் சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் மீனாட்சிபுரத்துக்காரி. எங்கள் அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் இங்கே இருந்ததால் நான் மலைக்குக் குடிபோகவில்லை. அவர்தான் மாதம் ஒருமுறை மறையூர், உடுமலை என்று பஸ் மாறி மாறி வருவார். பையில் பாஸ்தா பாக்கெட்டும் க்ரீம் பாக்கெட்டும் சீஸும் இருக்கும். வந்த அன்றே சமையலறைக்குள் போய்விடுவார். வெண்ணெயில் மைதாவை வறுத்து, எங்கள் மாட்டுப் பாலை ஊற்றிக் கிண்டி, வெந்த கோழியைப் போட்டு, அதன் மேல் க்ரீமையும் கொட்டுவார். மகள் அடுப்பு மேடையிலேயே ஏறி உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டு முடித்து சட்டியை விரலால் வழிப்பாள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் பக்கம் பாலையும் கறியையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டோம். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை மகள் பக்கம் தள்ளிவிடுவேன். "வெள்ளக்காரன் கேட்டு வாங்கித் திங்கான், ஒனக்கு எறங்கல பாரு" என்று சிரிப்பார்.

அப்போது அதை எப்படிச் செய்கிறார் என்று ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: வெண்ணெய் கூடாது, நெய் கூடாது, க்ரீமும் சீஸும் வாசனைக்குக்கூட வேண்டாம், உப்பு பாதி. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலையாளத்துப் பெண் இன்னொன்று சொன்னாள். சாப்பாடு தண்ணீராக இருந்தால் புரையேறும், கட்டியாக இருந்தால் அடைக்கும், கூழ் பதத்தில் கொடுக்க வேண்டும். "சாரமில்ல சேச்சி, மெல்ல மெல்ல சரியாகும்" என்று என் தோளைத் தட்டினாள். அன்றிலிருந்து கஞ்சியும் மசித்த சோறும்தான். ஊருக்கே பால் ஊற்றுகிற வீட்டில், அவர் குடிக்கிற பாலில் படிகிற ஆடையை நான் ஸ்பூனால் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன். அவள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

"அப்பாவா கேட்டாரு?" என்றாள். பிறகு, "செஞ்சிரலாம்மா. க்ரீம் இல்லாமயே செய்யறாங்க, நான் பாத்து அனுப்பறேன்" என்றாள்.

பத்து நிமிடத்தில் அவள் குரல் பதிவு வந்தது. வெண்ணெய்க்குப் பதில் ஒரு ஸ்பூன் எண்ணெய். மைதாவுக்குப் பதில் வறுத்துப் பொடித்த ஓட்ஸ். பாலை ஒருநாள் ஃப்ரிட்ஜில் வைத்து ஆடையை முழுசாக எடுத்துவிட வேண்டும். காலிஃப்ளவரை வேகவைத்து அரைத்து ஊற்றினால் க்ரீம் மாதிரியே கெட்டியாக இருக்குமாம். புளிப்பில்லாத தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியவிட்டு அதையும் சேர்க்கலாம். கோழியில் தோலில்லாத நெஞ்சுக் கறி மட்டும். எல்லாவற்றையும் சொன்னவள், தயிரை எப்போது சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். கேட்க எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, பொள்ளாச்சி போய்ப் பாஸ்தா வாங்கி வந்தேன். பாக்கெட்டைக் கொடுத்ததும் அதைக் குலுக்கிச் சத்தம் கேட்டார். எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தார். படிக்க முடியவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சமையலறை வாசலுக்கு இழுத்து வந்தேன். சட்டை மாற்றிவிடச் சொல்லி ஜாடை காட்டினார். பழையதைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். மூணாறில் சமைக்கும்போது வெள்ளைதான் போடுவாராம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டுவேன். அவர் கட்டை விரலை உயர்த்தினால் சரி, கையை விசிறினால் வேண்டாம். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றப் போனபோது கையை விசிறினார். ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன். கட்டை விரல் உயர்ந்தது. பூண்டு சிவக்கத் தொடங்கியதும் "ஏ!" என்று அதட்டினார். உடனே தீயைக் குறைத்தேன். ஓட்ஸ் பொடியைப் போட்டபோது முகத்தைச் சுளித்தார். "டாக்டரு சொன்னதுங்க, மைதா வேண்டாம்" என்றேன். சரி, போட்டுத் தொலை என்கிற மாதிரி பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பால், காலிஃப்ளவர் விழுது, கோழி, அது வெந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து கொதித்துக் கெட்டியாகி வந்தது. நிறம்கூட அவர் செய்வது மாதிரியே இருந்தது. வடித்துவைத்த தயிரைக் கிண்ணத்தோடு எடுத்தேன்.

"மழை" என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

"மழை! மழை!" கையை வேகமாக விசிறினார்.

இந்தக் கைவிசிறலுக்கு வேண்டாம் என்று அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வார்த்தைதான் காதில் விழுந்தது. தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. துணியை எடுக்காமல் திரும்பினேன். உள்ளே சட்டியில் அடிபிடிக்கிற வாசனை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, பாதி வழுக்கித் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் அவரை இழுத்து உட்காரவைத்து, இன்னொரு கையால் சட்டியைக் கிண்டினேன்.

"மழை, புள்ள! மழை!"

"எங்கீங்க மழை? கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க!"

கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் சட்டென்று அடங்கிவிட்டார். நான் தயிரைக் கொதிக்கிற சட்டியில் கொட்டினேன்.

கண் முன்னாலேயே திரிந்தது. வெள்ளை வெள்ளையாகக் கட்டி தனியே, தண்ணீர் தனியே. தீயை அணைக்க வேண்டும், சூடு தணிந்த பிறகுதான் தயிரைச் சேர்க்க வேண்டும். அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வருடம் செய்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் வாய்க்கு வந்தது மழைதான்.

நான் திரும்பிப் பார்த்தபோது இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பு அணைந்திருந்தது, சட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, பஸ் ஏறிவிட்டேன் என்று மகளிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது.

பிறகு எழுந்து கோழியை மட்டும் பொறுக்கிக் கழுவினேன். மிச்சமிருந்த பாலில் மறுபடியும் தொடங்கினேன். தயிர் இல்லை, காலிஃப்ளவர் கொஞ்சம்தான் இருந்தது. மிளகுத் தூளைத் தூக்கிக் காட்டினேன். விரல் உயரவுமில்லை, கை விசிறவுமில்லை. நானாகவே போட்டேன்.

மகள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஊடு பூரா பூண்டு வாசம்!" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் முகம் மலர்ந்தது. தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா இருக்குதுப்பா" என்றாள். "அதே மாதிரியே இருக்குது."

அதே மாதிரி இல்லை. நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்திருந்தேன். பால் கஞ்சியில் கோழியைப் போட்ட மாதிரி இருந்தது, உப்பும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. "இல்ல" என்றார். அந்த வார்த்தை மட்டும் என்றைக்கும் அவருக்குச் சரியாக வரும்.

"நெசமாத்தான்பா" என்று அவள் இன்னும் இரண்டு ஸ்பூன் வேகவேகமாகச் சாப்பிட்டாள்.

அவருக்கு நான் பாஸ்தாவைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, மசித்து ஊட்டினேன். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாயில் ஒரு துண்டு சரியாக மசியாமல் இருந்திருக்கிறது. இருமத் தொடங்கினார். முகம் சிவந்து கண் பிதுங்கிவிட்டது. ஸ்பூனைப் பிடித்தபடி, "ஐயோ, ஐயோ" என்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. மகள்தான் தட்டைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினாள். ஒரு நிமிடம் இருக்குமா, தெரியாது. துண்டு வெளியே வந்து விழுந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் சாஸ்.

சட்டையை மாற்றிப் படுக்கவைத்துவிட்டு வந்தபோது மகள் சமையலறையில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையில், தொட்டிச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வார்டுல தெனமும் இதத்தாம்மா பாக்கறேன். எல்லாருக்கும் தைரியம் சொல்றேன். நம்ம ஊட்டுல ஒண்ணும் பண்ண முடியலயேம்மா" என்றாள்.

"நீ இல்லாட்டி இன்னிக்கு என்னாயிருக்கும் கண்ணு?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவள் இல்லாத நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன், புரையேறினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். என்னையே நாற்காலியில் உட்காரவைத்து, முதுகில் எங்கே, எவ்வளவு வேகமாகத் தட்ட வேண்டும் என்று தட்டிக் காட்டினாள். பிறகு அவள் உட்கார்ந்தாள், நான் தட்டினேன். கட்டிலில் படுத்தபடி அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை அந்தப் பாஸ்தாவைச் செய்துவிட்டேன். இப்போது பாஸ்தாவை நன்றாகக் குழைய வேகவைத்து, சாஸோடு சேர்த்து மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். தயிரைக் கடைசியில், தீயை அணைத்து ஆறிய பிறகுதான் சேர்க்கிறேன். திரிவதில்லை. எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் உப்புக் குறைந்தது தெரியவில்லை. புரையும் ஏறவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கொழுப்பு குறைந்திருக்கிறது, இப்படியே கொடுங்கள் என்றார்.

ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். "புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டால் கட்டை விரலை உயர்த்துகிறார். கஞ்சிக்கும் அப்படித்தான் உயர்த்துகிறார். கிண்ணம் காலியாகிறது. பிடித்துச் சாப்பிடுகிறாரா, நான் செய்தேன் என்பதற்காகச் சாப்பிடுகிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.