தனலெட்சுமின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவா

தனம் போயிட்டா... செவ்வாய்க்கிழமை. நெஞ்சு வலியாம்.

வாட்ஸ்அப்ல சாவு நோட்டீஸ் வந்தப்போ அது அவதான்னு எனக்குத் தெரியவே இல்ல. மீசை வெச்ச யாரோ ஒரு ஆளு, கிள்ளான் அட்ரஸ். யாரோ பாவம்னு கை கூப்பற எமோஜி போட்டுட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்துல தனத்தோட தோழி ஷாமினி அழுதுகிட்டே போன் பண்ணுறா. "அக்கா, அது நம்ம தனம்க்கா."

பழைய அடையாள அட்டை, ஐசியில இருந்த படமாம். அதுக்குக் கீழ போட்டிருந்த பேரை நான் இங்க எழுதமாட்டேன். கை கூசுது.

பிரிக்பீல்ட்ஸ்ல என் சாப்பாட்டுக் கடைக்கு வர்றவங்களுக்கு தனத்தைத் தெரியும். மேல்மாடி பியூட்டி பார்லர்ல கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடுவா. மதியம் ஆனா என் கவுன்டர்ல மீ கோரிங் நூடுல்ஸ் தாப்பாவ், பொட்டலமா வாங்கிட்டுப் போவா.

ஆம்பளை சட்டையை விட்டு சுடிதாருக்கு மாறின புதுசுல, வாராவாரம் வேற வேற பேர் கொடுப்பா. ஆர்டர் ரெடியானா பேரைச் சொல்லிக் கத்துறது என் வேலை. "நிஷா, நிஷா"ன்னு தொண்டை போகக் கத்துறேன், இவ கண்ணு முன்னாடி உட்கார்ந்து போன் நோண்டிக்கிட்டு இருக்கா.

"என்னா லா நீ, காது அவுட்டா?"ன்னு ஏசினேன்.

சிரிக்கிறா. "திரும்பல இல்லக்கா... அப்போ அது என் பேரு இல்ல."

அப்பதான் புரிஞ்சது, பேரு தேடிக்கிட்டு இருக்கான்னு. கூப்பிட்டதும் யோசிக்காம தலை தானா திரும்பணுமாம். நிஷாவுக்குத் திரும்பல. அடுத்து வந்த ஹரிணிக்கும் திரும்பல. மீதான் ஆறிப்போச்சு.

ஒருநாள் "தனலெட்சுமின்னு எழுதுங்கக்கா"ன்னா. நான் கத்தி முடிக்கிறதுக்குள்ள எழுந்து வந்துட்டா. அவளுக்கே ஆச்சரியம், வாயைப் பொத்திக்கிட்டா.

ஷாமினி கூட்டத்துக்கு ஒரே கேலி. அவளுங்களும் தனம் மாதிரி மாறினவளுங்கதான், ஆனா எல்லாம் ஹீரோயின் மாதிரி பேர் வெச்சிருக்கிறவளுங்க. "என்னாடி இது, எஸ்டேட் காலத்துப் பேரு..."

தனம் கோவப்படல. "மேடையில ஆடுற பேரு எனக்கு வேணாம்டி. கிளினிக்ல நம்பருக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்கல்ல... அந்த மாதிரி ஒரு பொம்பளை பேரு போதும்."

நேத்து கிள்ளான் போனேன்.

முடியை வெட்டியிருந்தாங்க. இடுப்பு வரைக்கும் வளர்த்த முடி. ஒட்ட வெட்டி, வேட்டி சட்டை போட்டு, நகத்துல இருந்த பாலிஷைக்கூட சுரண்டியிருக்காங்க. முழுசா போகல, ஓரத்துல சிவப்பு தெரியுது.

ஏன் இப்படின்னு கேட்டேன். அண்ணன்காரன் வாசல்லயே மறிச்சான். "ஆன்டி, இது எங்க பேமிலி மேட்டர். சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க, மானம் போயிடும்."

மானமாம். இவன் கல்யாணத்துக்குப் பொண்ணுக்கு மேக்கப் போட்டது யாரு? விடியறதுக்கு முன்னாடி பின்வாசல் வழியா வரச்சொன்னான், வேலை முடிஞ்சதும் அப்படியே அனுப்பிட்டான். ஒரு போட்டோவுலகூட அவ இல்ல. த்தூ.

ஷாமினி கூட்டத்தை உள்ளேயே விடல. கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னாளுங்க.

பூசாரி பேர் கேட்டாரு. அண்ணன் அந்தப் பழைய பேரைச் சொன்னான். அவரும் அதையே சொல்லிச் சொல்லி மந்திரம் படிச்சாரு. யாரைக் கூப்பிடுறீங்க? உயிரோட இருந்தப்பவே அந்தப் பேருக்கு அவ திரும்பினதில்ல.

பெட்டியை ஏத்தி வேன் கதவைச் சாத்தப் போனாங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல... கவுன்டர்ல கத்துற அதே தொண்டையில "தனலெட்சுமி"ன்னு கத்திட்டேன். தெருவே திரும்பிப் பார்த்துச்சு.

அவங்க அம்மா வந்து என் கையைப் பிடிச்சாங்க. ஏசப்போறாங்கன்னு நெனச்சேன். காதுகிட்ட வந்து மெதுவா, "அவளுக்குக் கேட்டிருக்கும்... போம்மா."

அவளுக்கு.

அப்போ எல்லாம் தெரிஞ்சேதானே கத்தரிக்கோலைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க? மகன்காரன் மேல வந்த அருவருப்பு பெருசா, இவங்க மேல வந்தது பெருசான்னு எனக்கே தெரியல. கையை உதறிட்டு வந்துட்டேன்.

இன்னிக்குக் கடை திறந்துட்டேன்.

தனலெட்சுமி... மீ கோரிங் ரெடி. மிளகாய் சம்பல் தனியா கட்டியிருக்கேன். வந்து எடுத்துக்கோடி.