திறக்காத பாணிப் போத்தல்கள்

சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. இரத்தோட்டையில் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீரும் குடித்துவிட்டு அடுத்த பரிசோதனைக்குக் காத்திருந்த என் மகள், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனது.

"இன்னைக்கு இனிச் செய்ய ஏலாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க," என்றார் மிட்வைஃப். "மொத ரத்தத்துல சீனி கொஞ்சம் கூடக் காட்டுது. முழுசாப் பாத்தாத்தான் சொல்லலாம்."

அவளுடைய அப்பாவைச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குத்தான் பறிகொடுத்தோம். முதலில் ஒரு விரல், பிறகு கால், பிறகு ஆளே இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மகள் கேட்டாள்: "அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. எங்கிட்ட இருந்து புள்ளைக்கும் போயிருமாம்மா?"

அன்றிலிருந்து அவள் தட்டில் சோறு குறைந்துகொண்டே போனது. நான் கெஞ்சினால், "போதும்மா" என்று எழுந்துவிடுவாள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, "புள்ளைக்குச் சீனி கீனி இல்லையே?" என்று சம்பந்தியம்மா கேட்டிருந்தார். இல்லை என்றேன், அப்போது அது உண்மைதான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று அவர் மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் கித்துள் பாணி, கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுத்த தித்திப்புப் பாகு, அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த வாரம் வந்த போத்தல்களை மூடியைக்கூடத் திறக்காமல் அடுப்படி மேல்தட்டில் ஒளித்துவைத்தேன்.

மறு பரிசோதனைக்கு முதல் நாள் பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் அவரே வந்து நின்றார். தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குள் போனவர் கண்ணில் போத்தல்கள் பட்டன.

"ஏன் புள்ள, எங்க பாணி புடிக்கலியா?"

மகள் உடைந்து அழுதாள். "சீனி இருக்கும்போல அத்தை."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவரோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க மாப்பிள்ளைக்கு முந்தி எனக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு சம்பந்தி. நல்லாப் பெருசா இருந்துச்சு, மூச்சு மட்டும் இல்ல. எனக்குச் சீனி இருந்தது அடுத்த புள்ள உண்டானப்பத்தான் தெரிஞ்சுது. அந்தப் பயத்துலதான் அன்னைக்குக் கேட்டேன். நீங்க இல்லன்னதாலதான் பாணி அனுப்புனேன்."

பிறகு எழுந்து மகளின் தட்டில் சோறும் கீரையும் வைத்தார். "பட்டினி கெடக்காத. எனக்கு அப்ப யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல. ஒனக்குப் பாக்குறாங்க. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் சீனி இருப்பது உறுதியானது. கிளினிக்கில் சொன்னபடி மகள் சாப்பிட்டாள், நல்லபடியாகப் பேத்தி பிறந்தாள். ஆனாலும் அவளைத் தூக்கும்போதெல்லாம், பெயர்கூட வைக்காமல் போன அந்தக் குழந்தையின் பாரமும் சேர்ந்து என் கையில் கனக்கிறது.