கம்பெனிக்குப் போன பூனை

நான் நான்காவது படித்தபோது அயனம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் அவர் கதவைத் திறந்ததும் எங்கள் பூனையும் கூடவே படியிறங்கிப் போகும். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்குத்தான் அதுவும் திரும்பும். அதனால் அது அவரோடு கம்பெனிக்குத்தான் போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சாப்பிடும்போது அன்றைய கதையைச் சொல்வேன். பூனை பைக் டேங்க் மேல் உட்கார்ந்து போனது, கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார், மெஷினுக்கு அடியில் எலி பிடித்து மேனேஜரிடம் நல்ல பேர் வாங்கியது. முன்பெல்லாம் அப்பா செல்போனைப் பார்த்தபடி உம் கொட்டுவார். அந்த மழைக்காலத்தில் அவரே கேட்க ஆரம்பித்தார்.

"பாப்பா, இன்னைக்கு நம்ம பூன இன்னா பண்ணுச்சு?"

"கேன்டீன்ல யாருக்கோ பர்த்டே. கேக் வெட்டுனாங்க. அதுக்கும் ஒரு துண்டு."

அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள். மறுநாள் அவள் கம்பெனியில் என்ன விசேஷம் என்று கேட்டபோது, "சூப்பர்வைசருக்குப் பர்த்டே. கேக் வெட்டுனாங்க" என்றார் அப்பா. நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மழை வலுத்து, மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். வேன் ஏரிக்கரை வழியாக வந்தது. மூடியிருந்த டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, கம்பெனிச் சட்டையோடு ஒருவர் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா. ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்ததால் வேன் ஊர்ந்துதான் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சட்டென்று குனிந்து ஷூ லேஸைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், அது உங்கப்பாதானே?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"இல்ல. வேற யாரோ."

காதெல்லாம் சுட்டது. வீடு வரும்வரை நான் நிமிரவில்லை.

அன்று அப்பா வழக்கமான நேரத்துக்கே வந்தார். சாப்பிட உட்கார்ந்தும் கதை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாதான், "இன்னாடி, பூனைக்கு இன்னைக்கு லீவா?" என்றாள்.

"மழைல வெளியவே போவல. ஊட்லயே தூங்குச்சு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி, "ஆள் கொறச்சிட்டாங்க. என்னியும் அனுப்பிட்டாங்க" என்றார்.

"எப்போ?" என்றாள் அம்மா.

"ஆயுத பூஜைக்கு முன்னாடியே."

அம்மா கத்தவில்லை. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத்தனை நாளும் என் கதைகளைத்தான் அவர் கம்பெனிச் சமாசாரமாக அம்மாவிடம் சொல்லிவந்திருக்கிறார். அவர் பொய்க்கு நான் வெட்கப்பட்டேனா, குனிந்துகொண்டதற்கா என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து, செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் அவருக்கு வேலை கிடைத்தது. வந்து சொன்னபோது நான் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். "நெஜமாவாப்பா?" என்றேன். சந்தோஷத்தில்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போட்டோ ஒட்டிய ஐடி கார்டை எடுத்து என் நோட்டின் மேல் வைத்துவிட்டு, நான் அதைப் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.