ஐயாவுக்காக நான் இட்ட கையெழுத்து

எங்கள் ஐயா மறைந்து முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. வீட்டில் எழுதத் தெரிந்த மூத்த மகள் என்பதால் இந்த நினைவு மலருக்கும் நானே எழுதுகிறேன்.

ஐயா ஊர்காவற்றுறையில் பிறந்தார். தகப்பனாரை இழந்து, பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு பண்டகசாலையில் பெட்டி சுமந்தார். பிறகு பெட்டிகளில் ஊர்ப்பெயர் எழுதும் வேலை கிடைத்தது. ஆங்கில எழுத்துகளை அந்தப் பெட்டிகளிலேயே கற்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை ஐயா தந்தது.

ஐயா வேலை பழக்கிய இளைஞர்களே மூன்று முறை அவருக்கு மேலே கிளாக்கராக உட்கார்ந்தார்கள். சேர்டிபிக்கேற் இருந்தால் அடுத்த இடம் தருவதாகப் பண்டகசாலைத் துரை சொன்னார். நாற்பத்துநான்கு வயதில் ஐயா, கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு நடத்தும் வர்த்தகக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி வந்தார். பையன்களுக்காக அச்சடித்த விண்ணப்பம் அது. அடியில் பாதுகாவலர் கையொப்பத்துக்கு இடம் இருந்தது.

"நீ வை, பிள்ளை."

"நான் உங்கட மகள், ஐயா!"

"எங்கட பண்டகசாலையில ஒரு இடம் வெறுமையாக் கிடந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். கையெழுத்து வைக்க வேற ஆர் இருக்கு? கொம்மாவே?"

"என்ர பெருவிரலைக் கொண்டு போங்கோவன்" என்றார் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே.

கையெழுத்திட்டேன். கல்லூரி அதிபர் சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அன்றுமுதல் ஐயாவைப் பற்றிய அறிக்கைகள் என் பெயருக்கே தபாலில் வந்தன. நான் வாசிக்க, ஐயா கைகட்டி நின்று கேட்பார்.

"மூண்டு நாள் பிந்திப் போயிருக்கிறியள்."

"கப்பல் வந்த நாள், பிள்ளை."

"மாஸ்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். மற்றப் பொடியளுக்குக் கப்பல் வாறேல்லையோ எண்டு கேட்டார்."

பண்டகசாலையிலும், "ஐசே, பள்ளிக்கூட ஸ்லேற் எங்கை? மணி அடிச்சிட்டுது!" என்று கேலி செய்வார்களாம். ஐயாவும் சேர்ந்து சிரிப்பார். தினமும் விடியற்காலையில் அவருக்கு வர்த்தகக் கடிதம் எழுதப் பழக்கிவிட்டு, கோட்டை நிலையத்துக்கு நடந்து, ரயிலேறி, நான் படிப்பிக்கும் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று.

முதல் பரீட்சையில் ஐயா தேறவில்லை. அதன்பின் வந்த கடிதத்தில் இருந்ததைப் பற்றி யாரிடமும் நான் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். "இந்த மாணவருக்கு இது இயலாது, பாதுகாவலர் இவரை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொள்வது நல்லது" என்று அதிபர் எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி விடியலில் எழும்ப வேண்டியதில்லை. நிறுத்திக்கொள்கிறேன் என்று பதிலும் எழுதி முடித்தேன்.

ஐயா வேலையால் வந்து, தபால் உறையைக் கண்டு, செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"அதிபர் என்ன எழுதியிருக்கிறார், பிள்ளை?"

"இன்னும் பழக வேணுமாம்."

"அவ்வளவுதானே?" என்றார். மேசை முன் உட்கார்ந்து, இல்லாத தட்டெழுத்து யந்திரத்தில் விரல்களை ஓட்டத் தொடங்கினார்.

எழுதிய பதிலைக் கிழித்தேன். "பாதுகாவலர் சம்மதிக்கவில்லை" என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

அடுத்த பரீட்சையில் ஐயா சித்தியடைந்து, சேர்டிபிக்கேற் வாங்கினார். பதினொரு மாதம் கிளாக்கர் நாற்காலியில் இருந்தார். பிறகு நெஞ்சு நோய் கண்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று, கையெழுத்திட வேண்டியவர் யார் என்று தாதி கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஐயா, "இவதான் என்ர கார்டியன்" என்றார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் கையெழுத்திட்டேன். களைப்பாக மட்டும் இருந்தது.

என் பதிலைப் பற்றி ஐயாவிடம் கடைசிவரை வாய் திறக்காத அதிபருக்கும், கேலி செய்தாலும் தோளில் ஐயாவைச் சுமந்து சென்ற பண்டகசாலைத் தோழர்களுக்கும், துக்கம் காத்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு தந்த அயலவர்களுக்கும், எனக்கு லீவு தந்த தலைமை ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாருடைய பெயருக்கேனும் இங்கே இடம் விடுபட்டிருந்தால் அது என் களைப்பினால் நேர்ந்தது. ஐயா பார்த்திருந்தால் ஒரு இடத்தையும் வெறுமையாக விட்டிருக்க மாட்டார்.