கோத்துப் பார்க்கிற நாள்

பச்சைச் சாயத்தில் தோய்த்த மரத்தூள் வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். ஈரச் சாக்கும் மருந்துக்கடையும் சேர்ந்ததுபோல, நல்லதென்றும் சொல்ல முடியாத, கெட்டதென்றும் தள்ள முடியாத ஒரு மணம். உவர்மலையில் மற்ற வீட்டு முற்றங்களில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருப்பார்கள், எங்கள் வீட்டுப் பாயில் புல் காயும். உடுப்புத் துவைக்கப் போகும் அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம், "மாடில்லாத வீட்டில புல்லுக்கு மட்டும் குறைவில்லை" என்பார். அந்தப் புல், அப்பா பலகையொன்றின்மேல் செய்துகொண்டிருந்த திருகோணமலை ரயில் நிலையத்தின் ஓரத்தில் ஒட்டுவதற்கானது.

அப்பா அரசாங்கக் 'கந்தோர்' ஒன்றில், அதாவது அலுவலகத்தில், படம் வரைபவர். அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் கிண்ணியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த காசிம் நானா. மற்றவர் ரயிலில் கார்ட்டாக இருந்த சோமபால, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்த சிங்களவர். நானாவின் தம்பி குவைத்திலிருந்து பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த விளையாட்டு ரயில் ஒன்று, பிள்ளைகள் உடைத்ததும் திருத்துவதற்காக நானாவின் மேசைக்கு வந்தது, பிறகு பிள்ளைகளிடம் திரும்பிப் போகவே இல்லை. அதிலிருந்து தொடங்கியதுதான் அந்த மூவரின் பைத்தியமும். ரயிலை எங்கள் பக்கம் 'கோச்சி' என்போம். மூவருக்கும் தெருவில் 'கோச்சிக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆளுக்கொரு பலகை, ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வோர் ஊர். அப்பா திருகோணமலையை எடுத்தார், நானா சீனக்குடாவை எடுத்தார், சோமபால மாமா கந்தளாயையும் அதைச் சுற்றிய காட்டையும் எடுத்தார். நடுவில் வரும் தம்பலகாமத்தை யார் செய்வதென்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. தண்டவாளம் பழைய குடைக்கம்பி, சிலிப்பர் கட்டை தீக்குச்சி, சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளை மை பூசிய தகரப் பால் ரின்கள். மூன்று பலகைகளையும் ஒன்றாக்கும் வித்தை அப்பாவுடையது. தகரத்தில் ஓர் அச்சு வெட்டி, எல்லாப் பலகைகளின் இரு முனைகளிலும் அதே அச்சால் துளை போட்டு, பித்தளைத் தகடு வைத்துத் திருகாணியும் சுரையும் முடுக்கும்படி செய்திருந்தார். எந்தத் துண்டை எதனோடு வைத்தாலும் தண்டவாளம் மயிரிழை பிசகாமல் பொருந்தும்.

முழுநிலா நாளான போயா விடுமுறையென்றால் எங்கள் வீட்டு விறாந்தையில் 'கோத்துப் பார்க்கிற நாள்'. நானா 'பாதை'யேறி வருவார். கிண்ணியாத் துறையைக் கடக்கும் தட்டைப் படகுக்கு அதுதான் பெயர். சீனக்குடாவைப் போர்வையால் சுற்றித் தோளில் வைத்திருப்பார், மற்றக் கையில் அவருடைய மனைவி கொடுத்துவிட்ட வட்டிலப்பம் இருக்கும். கடந்த மாதத்துக்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டவேண்டும்: ஒருவர் கைகாட்டி மரம் மேலும் கீழும் அசைவதைக் காட்டுவார், ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்திருப்பார். மற்ற இருவரும் மூக்கு முட்டக் குனிந்து பிழை பிடிப்பார்கள். பிழை அகப்படாவிட்டால் அவர்களுக்கு முகம் வாடிவிடும். பிறகு ரோச் லைட்டுப் பற்றறிகளை வரிசையாகக் கட்டி வயரைக் கொளுவ, கோச்சி திருகோணமலையிலிருந்து புறப்பட்டுக் கந்தளாய்க் காட்டுக்குள் நுழையும். பெரிய மனிதர் மூவர் முழங்காலில் தவழ்ந்து அதன் பின்னால் போவார்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஊரில் இருப்பது பலகையில் இருக்கவேண்டும், ஊரில் இல்லாதது பலகையில் இருக்கக்கூடாது. அழகுக்காக ஒரு மரம்கூட நட முடியாது. யுத்தம் வராத ஊரில் இது நல்ல சட்டம்தான்.

முதலில் ரயில் நிலைய வாசலில் மண்மூடை அடுக்கிய 'சென்றி' வந்தது. துவக்கோடு ஆள் நிற்கும் காவலரண். அந்தப் போயாவுக்கு அதைப் பலகையில் வைப்பதா விடுவதா என்று மூவரும் நெடுநேரம் தர்க்கப்பட்டார்கள். சட்டம் சட்டம்தான் என்று நானா சொல்ல, அப்பா பழைய சாரத்துணியில் விரல்நகத்தளவு மூடைகள் தைத்து, மணல் நிரப்பி, உண்மையில் எத்தனை வரிசையோ அத்தனை வரிசை அடுக்கினார். பிறகு கடைகள் எரிந்தன. அப்பா பலகையிலிருந்த கடைகளைக் கழற்றினார். ரயில் மேடையில் கச்சான்கடலை விற்கும் மனுஷி ஒருத்தி இருந்தாள், இறக்கக்கண்டிப் பக்கத்திலிருந்து வருபவள், எனக்கு எப்போதும் ஒரு பிடி கூடப் போடுவாள். அவள் வருவது நின்று, ஏன் என்று யாருக்கும் தெரியாமலே மாதங்கள் போன பிறகு, ஒரு போயா நாள் அப்பா பலகைமேல் குனிந்து, கம்பியில் செய்து சேலை சுற்றியிருந்த அந்தப் பொம்மையை மேடையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அழுதேன்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. 'சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி' என்ற பழமொழியை அந்த நாட்களில் தினமும் ஒரு தடவையாவது சொல்வார். அப்பாவுக்கும் பதில் பழமொழியாகவே வரும்.

"மடியில கனமில்லையெண்டா வழியில பயமென்ன?"

"கனம் இருக்கோ இல்லையோ எண்டு தடவிப் பாக்கிறவன் வேற ஆளப்பா" என்றார் அம்மா.

நானாவுக்குப் பயமே இல்லை. அவருடைய பலகையில் இப்போது எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி முள்வேலியும், திருப்பத்துக்குத் திருப்பம் காவலரணும் நின்றன. எல்லாம் அளவோடு இருந்தன, எல்லாம் அவர் டவுணுக்கு வந்து போகும் வழியில் கண்ணால் கண்டவை. பாதையடியில் சோதனை செய்பவர்களுக்கு அவரைத் தெரியும், அவர்களுடைய வானொலிகளையும் அவர்தான் திருத்தினார். ஒருமுறை போர்வையை அவிழ்த்துக் காட்ட, அவர்கள் சிரித்து, அதில் ஒருவன் என்ஜினை விரலால் தள்ளி விளையாடியதாகவும் வந்து சொன்னார். எந்தச் சீருடை என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் சீருடைகள் மாறிக்கொண்டிருந்தன, நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

சோமபால மாமாவுக்கு இடமாற்றம் வந்தது. போகிற நாளில் அவர் தேநீரைக்கூடக் குடிக்காமல், விறாந்தையில் கிடந்த எங்கள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவை எப்போதும்போலச் சிங்களத்தில் 'மாத்தயா', ஐயா, என்றே கூப்பிட்டார்.

"மாத்தயா, இது கழட்டி வையுங்க. நாங்க பாத்தா இது கோச்சி. வேற ஆள் பாத்தா இது மேப்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கந்தளாய்க் காடு சோமபால மாமாவோடு ரயிலேறி அவருடைய ஊருக்குப் போனது. அதன் பிறகு இரண்டு துண்டுகளை மட்டும் கோத்தார்கள். கோச்சி சீனக்குடாவைத் தாண்டியதும் பலகை முடிந்துவிடும்; விழாமல் பிடிப்பதற்கு நான் அங்கே கையை வைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படியொரு போயா அன்று காலையில் உவர்மலை அடிவாரத்தில் 'ரவுண்டப்' தொடங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். வீடு வீடாக வருகிறார்கள், பாதையடியில் நின்ற பழைய ஆட்களை மாற்றிப் புது ஆட்களைப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நானா அந்நேரம் வீட்டிலிருந்து புறப்பட்டிருப்பார். தொலைபேசி அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசற்படலைவரை போய், சந்தியை மறித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தார். அதற்குள் அம்மா விறகு கொத்தும் கத்தியோடு விறாந்தைக்கு வந்திருந்தார். ரயில் நிலையம், மேடை, தண்ணீர்த் தொட்டி, மண்மூடைகள், பச்சைப் புல் எல்லாம் கொத்திக் குசினி அடுப்புக்குப் போயின. அப்பா தடுக்கவில்லை. சுவரோடு நின்று, குடைக்கம்பிகளை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். என்னை அம்மா கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டார். வந்தவர்கள் இந்த நேரத்தில் அடுப்பு ஏன் இப்படி எரிகிறது என்று கேட்க, பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு துடைக்க வெந்நீர் என்றார். ஒருவன் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பயத்தில் எனக்கு உண்மையாகவே சுட்டிருக்கவேண்டும், போய்விட்டார்கள்.

நானா வரவில்லை. நல்லகாலம், செய்தி அறிந்து வீட்டிலேயே நின்றுவிட்டார் என்று அன்று முழுவதும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் கிண்ணியாவிலிருந்து வந்த மீன்காரர்தான் சொன்னார்: பாதையடியில் புது ஆட்கள் போர்வையை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள், நானாவையும் பலகையையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடியலே பயத்தோடுதான் விடிந்தது. நானா ஒரு பெயரைச் சொன்னால் போதும், வாகனம் எங்கள் படலையில் நிற்கும். அது எனக்கே தெரிந்திருந்தது. அப்பா எழும்பியதும் சட்டை போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். கூட்டிக்கொண்டு போனால் வெறும் மேலோடு போகக்கூடாதாம். தெருவில் கனவாகனம் திரும்பினால் அம்மாவின் கை அரிவாள்மணையில் அப்படியே நிற்கும். வாரங்கள் போயின, மாதங்கள் போயின, வாகனம் வரவில்லை. நானா இன்னும் சொல்லவில்லை என்று எங்களுக்கு விளங்கியது. சொல்லாமலிருக்க அவர் என்ன பட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் சந்தைக்கு முன்னால் அவரைக் கண்டோம். பாதி ஆளாகியிருந்தார், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். அப்பா என் கையை விட்டுவிட்டு, "நானா" என்று கூப்பிட்டபடி தெருவைக் கடந்து ஓடினார். நானா அவரைப் பார்த்தார். கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விலகி நடந்து போனார். அப்பா சனத்துக்கு நடுவில் அப்படியே நின்றார். காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் நானா பார்த்துவிட்டாரென்று அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

நானாவின் மனைவி அதற்குச் சில நாட்களுக்குப் பின் முட்டை விற்கிற சாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, கதவோரத்தில் நின்றபடியே சொன்னார்.

"அவங்க கேட்டதெல்லாம் ஒண்டுதான். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுத் தகடு வச்சிருக்கே, இதோட சேர்ற மத்தத் துண்டு எங்க, அது ஆர்ர வீட்ல எண்டு. இது ஒண்டோடயும் சேராது, எனக்கு டவுண்ல ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லித்தான் இவர் உசிரோட வந்திருக்கார். இன்னும் பின்னால ஆள் வருதாம். இனி அப்பிடியே இருக்கச் சொன்னார். நீங்களும் அப்பிடியே இருங்க."

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டுமென்று தானே வெட்டிய அச்சு அது.

அப்படியே இருந்தார்கள். யுத்தம் போய்ப்போய்த் திரும்பி வந்தது, நான் பெரியவளானேன், கல்யாணம் முடித்தேன். ஒரே மாவட்டத்தில், ஒரே சந்தையில், அந்த இரண்டு பேரும் முன்பின் அறியாதவர்களாக நடந்தார்கள். யாருக்காவது காட்டவென்று இல்லை, யார் பார்க்கிறார்கள் என்று தெரியாததால் எல்லோருக்குமாக நடந்தார்கள். ஒரு தடவை கப்பல்துறையில் அப்பா ஏறிய பஸ்ஸில் நானாவுக்குப் பக்கத்து ஆசனம் மட்டும் வெறுமையாக இருந்திருக்கிறது. டவுண்வரை இரண்டு பேரும் ஒரு சொல் பேசாமல் தோளோடு தோள் இருந்து வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய் அம்மாவிடம், "இண்டைக்கு நானாவோட வந்தனான்" என்றார். ஒரு கிழமைக்கு அவருக்கு அந்தச் சந்தோஷம் போதுமாயிருந்தது.

யுத்தம் முடிந்தது. பயமில்லை, போய்க் கதைத்துவிட்டு வாருங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஓம், நாளைக்குப் போவம் என்பார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய நாளைகள் வருடங்களாகிவிட்டன. நானாவின் மனைவி போய்ச் சேர்ந்த செய்தி பிந்தித்தான் வந்தது. சென்ற ஆண்டு நானா மௌத்தாகிவிட்டாரென்ற செய்தி மட்டும் அன்று காலையிலேயே வந்துவிட்டது.

நானும் அப்பாவும் ஓட்டோவில் போனோம். இப்போது பாதை இல்லை. பாதையடி இருந்த இடத்துக்கு மேலால் பாலம் போகிறது. சோதனைச்சாவடி இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். ரயில் நிலைய வாசலில் மண்மூடை இல்லை, எங்களை நிறுத்துவாரும் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்பாரும் இல்லை.

நானாவின் வீட்டு வாசலில் அவருடைய இளைய மகன் நின்றார், யுத்தத்தின் நடுவில் பிறந்தவர், எங்களைக் கண்டதே இல்லை. மரியாதையாக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வாங்க ஐயா. எங்கட வாப்பாவத் தெரியுமா உங்களுக்கு?"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு தலையைத் திருப்பித் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"இல்லைத் தம்பி, தெரியாது" என்றார்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பிள்ளை, பரவாயில்லை, தெரியாதவர்களும்தான் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, அப்பாவின் கையை விடாமல், முகம் பார்க்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.